ரயில் பழக்கத்தோடு விமானம் ஏறாதீர்கள்: முதல் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அம்மா முதன்முதலாக விமானம் ஏறியது 62-ஆம் வயதில். டெல்லியில் இருக்கும் அக்கா மகளுக்குக் காதுகுத்து. எங்களை வழியனுப்ப மீனம்பாக்கத்துக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். சித்தி கையில் தூக்குவாளி, மாமா தோளில் பெட்டி. வாசலில் நின்ற பாதுகாப்புப் படை வீரர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டு அம்மாவையும் என்னையும் மட்டும் உள்ளே விட்டார். "பெட்டியை உள்ள வச்சிட்டு வந்திர்றோம் சார்" என்றார் மாமா. எழும்பூரில் நாற்பது வருஷமாக அப்படித்தானே செய்கிறோம்? பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டி, வண்டி நகரும்போது ஜன்னல் கம்பி வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினால்தான் வழியனுப்பியதாகவே ஆகும்.

முதல் முறை விமானம் ஏறுபவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, ரயிலில் போய்ப் பழகிய கெட்டிக்காரத்தனத்தால் வருவது என்பது என் கட்சி. இங்கே உள்நாட்டுப் பயணத்தை மட்டும் பார்க்கலாம். வெளிநாடு என்றால் விசா, குடியேற்றச் சோதனை என்று அது தனிக் கதை.

கடிகாரமும் காலண்டரும்

நெல்லை எக்ஸ்பிரஸ் 8 மணிக்குப் புறப்படும் என்றால் 7.58-க்கு ஓடிவந்து ஏதோ ஒரு பெட்டியில் தொற்றிக்கொள்ளலாம், அப்புறம் உள்ளேயே நடந்து நம் இடத்துக்குப் போய்விடலாம். விமான டிக்கெட்டில் காலை 7 மணி என்று போட்டிருந்தால், அது நமக்கான நேரமே இல்லை. பெரும்பாலான உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே, அதாவது 6 மணிக்கே மூடிவிடுவார்கள். விமானத்துக்குள் விடும் வாசல் 20, 25 நிமிடம் முன்பு அடைபடும். 6.40-க்கு அந்த வாசலில் போய் நின்றால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்பது தெரியும், ஆனால் ஏற முடியாது. கெஞ்சிப் பயனில்லை. எனவே இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அதற்கு முந்தைய நாளே செல்போனில் வெப் செக்-இன் செய்துவிட்டால், அதாவது வருகையைப் பதிந்து போர்டிங் பாஸ் என்ற ஏறும் சீட்டை வாங்கிவிட்டால், ஒரு வரிசை மிச்சம்.

வெப் செக்-இன் செய்யும்போது இருக்கைப் படம் ஒன்று வரும். ஒவ்வொரு இருக்கைக்கும் 200, 400 என்று விலை தெரியும். அதைக் கட்டினால்தான் இடம் கிடைக்கும் என்று நினைத்துப் பலர் கட்டிவிடுகிறார்கள். டிக்கெட் வாங்கியபோதே உங்களுக்கு ஓர் இடம் உறுதி. இருக்கையைத் தேர்வு செய்யாமல் தாண்டிப் போனால் ஏதோ ஒன்றை இலவசமாகவே கொடுப்பார்கள். ஜன்னல்தான் வேண்டும் என்பவர்கள் மட்டும் கட்டலாம். 12 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவருக்குப் பக்கத்திலேயே உட்கார வைக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024-இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பிள்ளை தனியாக உட்கார நேருமோ என்ற பயத்தில் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்தது தேதி. என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. 15-ஆம் தேதி 00:40 என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். நம் பஞ்சாங்கக் கணக்கில் சூரியன் உதித்தால்தான் நாள் மாறும். நள்ளிரவு தாண்டிய ஒரு மணியையும் "இன்றைக்கு ராத்திரி" என்றுதான் நாம் பேசுகிறோம். என் சித்தப்பா இப்படித்தான் 15-ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு மாலையும் கழுத்துமாக விமான நிலையத்துக்குப் போய் இறங்கினார். விமானம் கிட்டத்தட்ட 22 மணி நேரம் முன்பே போயிருந்தது. நள்ளிரவு 12-லிருந்து விடியற்காலை 4 மணிக்குள் புறப்படும் டிக்கெட் என்றால், "எந்தக் கிழமை ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்புகிறோம்" என்று காலண்டரில் எழுதி மாட்டிவிடுங்கள்.

எந்த முனையம் (டெர்மினல்) என்பதையும் பாருங்கள். சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கு டி1, டி4 என்று இரண்டு இருக்கின்றன. இது பரவாயில்லை, சமாளித்துவிடலாம். மும்பையிலும் டெல்லியிலும் ஒரு முனையத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் சில கிலோமீட்டர், அதுவும் போக்குவரத்து நெரிசலில். ஊர் திரும்பும்போதுதான் ஆட்கள் இதில் கோட்டை விடுகிறார்கள். "ஏர்போர்ட் போங்க" என்று மட்டும் டாக்சிக்காரரிடம் சொன்னால் போதாது.

பெயரில் இருக்கிறது சிக்கல்

டிக்கெட் போடும் பக்கம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும். நமக்கோ இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும். மா. செல்வராஜ் என்ன செய்வார்? ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் ஊர்ப்பெயரைப் போடுவார், இன்னொருவர் வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிடுவார். பெரியவர்கள் பாடு இன்னும் மோசம். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒன்று, தெருவே அறிந்தது மூன்றாவது ஒன்று.

விதி எளிது: வாசலில் எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ள எழுத்துக் கூட்டலை அப்படியே போடுங்கள். ஆதாரில் செல்வராஜ் எம் என்று இருந்தால் முதல் கட்டத்தில் செல்வராஜ், அடுத்ததில் எம். ஒற்றை எழுத்தை ஏற்காத தளங்களில் அந்த எழுத்துக்குரிய பெயரை முழுதாக எழுதலாம். அப்பா பெயர் என்றால் பெரும்பாலும் ஆதாரின் முகவரிப் பகுதியிலேயே அது இருக்கும். பிழை இருப்பது தெரிந்தால் அன்றைக்கே நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். ஓரிரு எழுத்து மாற்றம் என்றால் வேலை சுலபமாக முடியும். ஆளே மாறுகிற மாதிரி பெயர் மாறினால் முடியாது.

ஜெராக்ஸும், வாட்ஸ்ஆப்பில் மகன் அனுப்பிய ஆதார் படமும் போதாது. அசல் அட்டையையோ, அரசின் ஆதார் செயலியையோ, டிஜிலாக்கரையோ காட்டுங்கள். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பான் அட்டை எல்லாமே செல்லும். கைக்குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ்.

பெட்டிக்குள் என்ன, பைக்குள் என்ன

ரயிலில் யாரும் நம் பெட்டியை எடை போடுவதில்லை. இங்கே போடுவார்கள். சாதாரண டிக்கெட்டில் கூடவே கொண்டுபோகும் கைப்பை ஒன்று, 7 கிலோ. கவுண்டரில் ஒப்படைக்கும் பெட்டி பொதுவாக 15 கிலோ. மிஞ்சினால் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு, கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டில் எடைக் கருவி இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். இல்லையென்றால் தெருமுனை மளிகைக் கடைத் தராசு.

எடை கூட அப்புறம்தான். அம்மாவின் கைப்பையைத் திறந்து பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. கற்பூர டப்பா, தீப்பெட்டி, பழம் நறுக்க ஒரு கத்தி, ஊறுகாய் பாட்டில், பெரியம்மாவுக்கென்று ஒரு பாக்குவெட்டி. அக்கா கேட்டாள் என்று கொப்பரை இரண்டு கிலோ வேறு.

கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும் பொருள். அதையும் தீப்பெட்டியையும் லைட்டரையும் கைப்பையிலும் வைக்கக் கூடாது, பெட்டியிலும் வைக்கக் கூடாது. கொப்பரைக்கும் அதே கதிதான். அதில் உள்ள எண்ணெய் காரணமாகத் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய சரக்கு என்று விமானச் சரக்கு விதிகள் அதை வகைப்படுத்தியிருக்கின்றன. முழுத் தேங்காயைக் கையில் கொண்டுபோகவும் விடுவதில்லை. இருமுடி கட்டிப் போகும் ஐயப்ப பக்தர்களுக்காக, 2024 மண்டல, மகரவிளக்குக் காலத்தில் நெய்த்தேங்காயைக் கையோடு கொண்டுபோகச் சிறப்பு அனுமதி கொடுத்தார்கள் என்றால், மற்ற நாட்களில் நிலைமை என்ன என்று புரிந்துகொள்ளலாம். கத்தி, கத்தரிக்கோல், பாக்குவெட்டி மூன்றும் ஒப்படைக்கும் பெட்டிக்குள் போகட்டும். ஊறுகாய், நெய், எண்ணெய், மிளகாய்ப் பொடி ஆகியவற்றையும் நன்றாகச் சுற்றி அதிலேயே வையுங்கள்.

பவர் பேங்க் நேர் எதிர். அதைப் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். லித்தியம் பேட்டரி புகைய ஆரம்பித்தால், நம் காலடியில் இருக்கும் சரக்கு அறைக்குள் போய் யாரும் அணைக்க முடியாது. நம் கண் முன்னால் என்றால் பணிப்பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். அளவு 100 வாட்-மணி வரை தாராளம். கடையில் விற்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் அதற்குள் அடங்கிவிடும். தினசரி மாத்திரை, நகை, பணம், வீட்டுச் சாவி இவையும் கைப்பையில்தான்.

கட்டுச்சோறு கொண்டுபோகலாமா என்றால், தாராளமாக. பொடி தடவிய இட்லியை யாரும் பறிக்க மாட்டார்கள். குழம்பும் ரசமும்தான் ஆகாது. பாதுகாப்புச் சோதனையில் செல்போன், பர்ஸ், பெல்ட்டைத் தட்டில் போட்டுவிட்டுப் போனால் போதும். பெண்களுக்குத் தனி வரிசை, திரை மறைவில் பெண் காவலர் சோதிப்பார். தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று அம்மா வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தார். யாரும் சொல்லவில்லை. ஒன்று மட்டும்: "பையில குண்டு இருக்கு" என்று விளையாட்டுக்குக்கூட வாய் திறக்காதீர்கள். நம் நக்கல் அங்கே எடுபடாது, பயணம் காவல் நிலையத்தில் முடியும்.

சோதனை முடிந்தது, இனி கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்துவிடுவது இன்னொரு ரயில் பழக்கம். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்ற குரலைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். சென்னை உட்படப் பல விமான நிலையங்களில் விமானம் ஏறச் சொல்லும் பொது அறிவிப்பை நிறுத்திவிட்டார்கள். திரையில்தான் பார்க்க வேண்டும். போர்டிங் பாஸில் 6-ஆம் வாசல் என்று இருந்தது கடைசி நேரத்தில் 11 ஆகிவிடுவதும் உண்டு. கால் மணிக்கு ஒருமுறை திரையைப் பாருங்கள், உங்கள் வாசலுக்கு எதிரிலேயே உட்காருங்கள். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடலாம். கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டு, அரை கிலோமீட்டர் நடந்து முழங்கால் வீங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

காதும் சத்தமும்

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்குப் பேருந்தில் இறங்கும்போது காது அடைக்குமே, அதேதான் விமானத்திலும். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி மலையில் இருப்பது போல வைத்திருப்பார்கள். ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். கீழே இறங்கும்போது காதுக்கு வெளியே காற்றழுத்தம் கூடும். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையே உள்ள குழாய் திறந்தால்தான் உள்ளே சமமாகும். எச்சில் விழுங்கினால் அது திறக்கும். ஆக, மிட்டாயை ஏறும்போதே தின்று தீர்த்துவிடாமல் இறங்கும்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் அரை மணி நேரம் தூங்க வேண்டாம். தூக்கத்தில் நாம் விழுங்குவது குறைவு. கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுங்கள். கடும் சளி இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள், வலி உயிரை எடுத்துவிடும்.

அழுத்தம் குறைந்தால் வயிற்றில் இருக்கும் வாயுவும் விரியும். காலையில் பூரிக்கிழங்கை ஒரு பிடி பிடித்துவிட்டு ஏறுவது அவ்வளவு நல்லதில்லை.

சத்தங்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏர்பஸ் ஏ320 வகை விமானம் தரையில் நகரும்போது, காலடியில் நாய் குரைப்பது போலவோ ரம்பம் அறுப்பது போலவோ ஒரு சத்தம் வரும். அது ஹைட்ராலிக் அமைப்பில் ஒரு கருவி வேலை செய்யும் ஓசை. மேலே கிளம்பிய சில நொடிகளில் 'தடால்' என்று கேட்டால் சக்கரம் உள்ளே போகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் என்ஜின் சத்தம் சட்டென்று குறையும், கீழே விழுவது போல வயிறு குழையும். என்ஜின் நின்றுவிட்டது என்று பக்கத்து இருக்கைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார், பாவம். கிளம்புவதற்குத் தேவைப்பட்ட முழு விசையை விமானி குறைக்கிறார், அவ்வளவுதான். இறக்கை மேலும் கீழும் ஆடினாலும் பயம் வேண்டாம், வளைந்து கொடுக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். குலுக்கல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால் பெல்ட்டை மட்டும் எப்போதும் போட்டபடியே இருங்கள்.

சக்கரம் தரையைத் தொட்டதும் பாதிப் பேர் எழுந்து மேலே இருக்கும் பையை எடுக்கத் தொடங்குவார்கள். தாம்பரம் வந்ததும் வாசலில் போய் நிற்பதில்லையா, அதே அவசரம். விமானம் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கும், கதவு திறக்கப் பத்து நிமிடம் ஆகும், பிரேக் போட்டால் பை அடுத்தவர் தலையில். பெல்ட் விளக்கு அணையும் வரை உட்காருங்கள். எப்படியும் எல்லாரும் பெட்டி வரும் சுழல் பட்டையின் முன்னால்தான் போய் நிற்கப் போகிறோம்.

அங்கேதான் கடைசித் தவறு காத்திருக்கும். ஒரே மாதிரி கறுப்புப் பெட்டி நாற்பது சுற்றிவரும். ஒப்படைத்தபோது கொடுத்த சிறு சீட்டில் ஓர் எண் இருக்கும், அதே எண் பெட்டியின் கைப்பிடியிலும் ஒட்டியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். அந்தச் சீட்டை நான் எங்கோ தொலைத்திருந்தேன். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. அவர் பெட்டியின் கைப்பிடியில் பழைய சுங்குடிச் சேலையின் கிழிசலை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். டெல்லியில் அப்படி ஒரு பெட்டி வேறு யாரிடமும் இல்லை.