ஐஸ் ஹாக்கியில் விதி மாறியதால்தான் கோல் கூடியதா? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் வகுப்பெடுக்கிறேன். விளையாட்டுக் கணக்கை வைத்து ப்ராஜெக்ட் செய்கிறவர்களில் சிலர் கிரிக்கெட்டை விட்டுவிட்டு ஐஸ் ஹாக்கி பக்கம் போகிறார்கள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக் 1917-ல் தொடங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு சீசனின் கோல் கணக்கும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அடிக்கடி விதியை மாற்றும் லீக் வேறு. அதனால் ‘விதி மாற்றம் கோல் எண்ணிக்கையை எப்படிப் பாதித்தது’ என்ற தலைப்பு பலருக்கும் பிடித்துப்போகிறது. ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவர் ஒருவர் ஆட்டத்தையே நேரலையில் பார்க்கிறார். குளிர்காலத்தில் டொரொண்டோவில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் காலை 5.30. பார்த்து முடித்துவிட்டு மலையிறங்கினால் கல்லூரிக்குச் சரியாக இருக்கும் என்கிறார்.

தலைப்பு நல்ல தலைப்பு. ஆனால் கைக்கு வரும் அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சு. விதி வந்த ஆண்டில் ஒரு கோடு போடுவது, கோட்டுக்கு முன்னால் ஒரு சராசரி, பின்னால் ஒரு சராசரி, இரண்டின் வித்தியாசமே விதியின் பலன் என்று எழுதிவிடுவது. இப்படிச் செய்தால் பல நேரம் தவறான விடைதான் வரும். ஏன் என்று உண்மையான சீசன்களை வைத்தே சொல்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு அணிக்கு ஒரு கோல்கீப்பர், ஐந்து ஆட்டக்காரர்கள். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. விதி மீறினால் பெரும்பாலும் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்த நேரத்தில் எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல். அதுதான் பவர் பிளே.

முதலில் சின்னத் தவறுகள்

சில அட்டவணைகளில் ‘சராசரி கோல்’ என்றால் ஓர் அணி அடித்தது. சிலவற்றில் இரண்டு அணியும் சேர்ந்து அடித்தது. 2003-04 சீசனுக்கு ஓரிடத்தில் 2.57 என்றும் இன்னோரிடத்தில் 5.14 என்றும் இருக்கும். இரண்டும் சரி. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலந்தால்தான் வினை. கீழே நான் தரும் கோல் சராசரி எல்லாம் இரண்டு அணியும் சேர்ந்தது.

மொத்த கோலை ஒப்பிடுவதும் ஆகாது. 1928-29-ல் ஓர் அணிக்கு 44 ஆட்டம், 1949-50-ல் 70, 1992-93-ல் 84, 1995-96-ல் 82. அணிகளின் எண்ணிக்கையும் மாறியது: 1967-ல் ஆறு அணி ஒரே தாவலில் பன்னிரண்டு ஆனது. ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்று பார்த்தால்தான் பேசவே முடியும்.

சீசன் நடுவில் மாறிய விதி

விதியின் பலனுக்கு எல்லோரும் முதலில் காட்டுவது 1929-30. அதற்கு முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு 2.92 கோல்தான். மான்ட்ரியல் அணியின் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த் 44 ஆட்டத்தில் 22 ஆட்டம் ஒரு கோல்கூட விடாமல் முடித்தார். எதிரணியின் எல்லைக்குள் முன்னோக்கி பாஸ் கொடுக்க அப்போது அனுமதி இல்லை. 1929-30-ல் எதிரணியின் எல்லைக்குள்ளும் அதற்கு அனுமதி கொடுத்தார்கள். சராசரி 5.91 ஆனது. முந்தைய ஆண்டில் 32 புள்ளி (அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) எடுத்த ஏஸ் பெய்லி முதலிடம். இந்த ஆண்டில் கூனி வீலண்ட் எடுத்தது 73.

இரட்டிப்பு! இதில் விதிக்குப் பெரும் பங்கு உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் 5.91 என்ற எண் ஒரு விதியின் எண் அல்ல. சீசன் தொடங்கியதும் ஆட்டக்காரர்கள் பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) வருவதற்கு முன்பே எதிரணி கோல் வாசலில் போய் நின்றுகொண்டார்கள். கோல் மழை பொழிந்தது. லீக் பயந்துபோய் டிசம்பரிலேயே இன்னொரு விதி கொண்டுவந்தது: பக் நுழைவதற்கு முன் தாக்கும் அணியின் ஆள் எதிரணி எல்லைக்குள் நுழையக் கூடாது. இன்றைய ஆஃப்சைடுக்கு அதுதான் வேர். ஆக, அந்தச் சீசனின் முதல் பகுதி ஒரு விதியில், மீதி வேறு விதியில். ஆண்டுச் சராசரியை மட்டும் எடுத்தால் இரண்டும் கலந்துவிடும். ஆட்டம் ஆட்டமாகத் தேதியோடு கணக்கு கிடைக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது சோம்பேறித்தனம்.

அதே ஆண்டில் வேறு என்ன நடந்தது?

1943-44-ல் ஆடுகளத்தின் நடுவே சிவப்புக் கோடு வந்தது. அதுவரை தற்காக்கும் அணி தன் எல்லையிலிருந்து பக்கைத் தானே ஓட்டிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். எல்லையைத் தாண்டி பாஸ் கொடுக்க முடியாது. புது விதிப்படி நடுக்கோடு வரை பாஸ் கொடுக்கலாம். அந்தச் சீசனில் சராசரி 8.17-க்குப் போனது. விதி அபாரம் என்று எழுதத் தோன்றும்.

ஆனால் அது இரண்டாம் உலகப் போரின் நடுக்காலம். ஆட்டக்காரர்கள் பலர் ராணுவத்தில். மிக மோசமாக அடிபட்டது நியூயார்க் ரேஞ்சர்ஸ். 50 ஆட்டத்தில் 6 வெற்றி. 1944 ஜனவரி 23 அன்று டெட்ராய்டிடம் 15-0 என்று தோற்றார்கள். அந்தச் சீசனில் அவர்கள் வாங்கிய கோல் 310. ஆறு அணி, மொத்தமே 150 ஆட்டம். 8.17-ஐ 150-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,225 வரும். லீக்கில் விழுந்த கோலில் நாலில் ஒரு பங்கு ஒரே வலைக்குள் விழுந்திருக்கிறது! இதைச் சிவப்புக் கோட்டின் கணக்கில் எழுதுவது நியாயமா? ரேஞ்சர்ஸ் ஆட்டங்களைத் தனியே எடுத்துவிட்டு மீதியைப் பார்ப்பதுதான் குறைந்தபட்ச ஒழுங்கு.

ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2023-ல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்ததும் ரன் கூடியதற்கு அந்த விதியே முழுக் காரணம் என்று சிலர் பேசினார்கள். ஆடுகளம், மைதானத்தின் அளவு, பேட்டர்களின் துணிச்சல் எதையும் கேட்கவில்லை. அதே அவசரம்தான் இங்கேயும்.

இந்தச் சிவப்புக் கோட்டின் கதை அதோடு முடியவில்லை. கோல் கூடட்டும் என்று 1943-ல் போட்ட கோட்டின் பாஸ் தடையை, கோல் கூடட்டும் என்றே 2005-ல் எடுத்தார்கள். முதலில் கட்டை அவிழ்த்த விதி, அறுபது ஆண்டில் தானே கட்டாகிவிட்டது. காரணம், பயிற்சியாளர்கள் அதற்குள் நடு ஆடுகளத்தில் ஆட்களை நிறுத்தி வழியை அடைக்கக் கற்றுக்கொண்டார்கள். 1995-ல் நியூஜெர்சி டெவில்ஸ் அப்படி ஆடித்தான் ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஒரு விதிக்கு ‘இத்தனை கோல்’ என்று நிரந்தர விலை கிடையாது. எதிரே நிற்பவர் என்ன கற்றிருக்கிறார் என்பதைப் பொறுத்து அது மாறும்.

2005-06: பெரிய தவறு நடக்கும் இடம்

என் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் சீசன் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சம்பளத் தகராறில் 2004-05 சீசன் முழுக்க ரத்தானது. திரும்பி வந்தபோது லீக் பல விதிகளை ஒரே நேரத்தில் மாற்றியது. நடுக்கோட்டு பாஸ் தடை போனது. கோல்கீப்பரின் கால் கவசம் 12 அங்குல அகலத்திலிருந்து 11 ஆனது. வலைக்குப் பின்னால் கோல்கீப்பர் பக்கைத் தொடும் இடம் சுருங்கியது. பிடித்து இழுப்பதையும் தடுத்து நிறுத்துவதையும் ரெஃபரிகள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். சமனில் முடியும் ஆட்டத்துக்கு ஷூட்அவுட் வந்தது. கோல் சராசரி 5.14-லிருந்து 6.17 ஆனதாகப் பல அட்டவணைகள் சொல்லும்.

முதல் கேள்வி: 6.17 என்பது என்ன? ஷூட்அவுட்டில் வெல்லும் அணிக்கு ஸ்கோரில் ஒரு கோல் சேர்ப்பார்கள். எந்த ஆட்டக்காரரின் கணக்கிலும் அது ஏறாது. அந்தச் சீசனின் 1,230 ஆட்டத்தில் 145 ஷூட்அவுட்டில் முடிந்தன. அந்த 145-ஐக் கழித்தால் மிஞ்சுவது 7,443 கோல். சராசரி 6.05. முந்தைய சீசனில் ஷூட்அவுட்டே இல்லை. சமன் என்றால் சமன்தான். எனவே 5.14-ஓடு ஒப்பிட வேண்டியது 6.05-ஐ. உயர்வு 1.03 அல்ல, 0.91.

இரண்டாவது கேள்வி: அந்த 0.91 எங்கிருந்து வந்தது? ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 4.24 ஆக இருந்த பவர் பிளே வாய்ப்பு 5.85 ஆகிவிட்டது. அதில் கோலாக மாறும் விகிதமும் ஏறத்தாழ 16.5 சதவீதத்திலிருந்து 17.7 ஆனது. பெருக்கிப் பார்த்தால் ஓர் அணியின் பவர் பிளே கோல் 0.70-லிருந்து 1.04-ஐ ஒட்டிப் போகிறது. இரண்டு அணிக்கும் சேர்த்து ஏறத்தாழ 0.67 கூடுதல். அதாவது, உயர்வில் நாலில் மூன்று பங்குக்கு அருகே பவர் பிளேயிலிருந்து வந்தது!

இதன் பொருள் பெரிது. பாஸ் தடை நீங்கியதால் ஆட்டம் திறந்தது, கவசம் சுருங்கியதால் வலை பெரிதானது என்று அறிக்கையில் எழுதும் விளக்கங்கள் எல்லாம் மிஞ்சிய சிறு பகுதிக்காகத்தான் தங்களுக்குள் போட்டியிட வேண்டும். பெரும்பகுதி விசிலின் வேலை. அந்த விசிலுக்கான விதி பழைய விதிப் புத்தகத்திலேயே இருந்தது. மாறியது அதை அமல்படுத்தும் விதம். விதிப் புத்தகத்தின் இரண்டு பதிப்பை மட்டும் ஒப்பிடுபவர் கண்ணில் இந்தப் பெரிய மாற்றம் படவே படாது.

மூன்றாவது கேள்வி: எத்தனை நாள் நிலைத்தது? ஆட்டக்காரர்கள் கையை அடக்கக் கற்றுக்கொண்டார்கள். ரெஃபரிகளின் வேகமும் தணிந்தது. 2014-15-ல் ஓர் அணிக்கு பவர் பிளே வாய்ப்பு 3.06 மட்டுமே. 2003-04-ஐ விடக் குறைவு. கோல் சராசரியும் 5.4-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. விதி வந்த ஒரே ஆண்டை எடுத்துக்கொண்டு ‘வெற்றி’ என்று எழுதியவரின் அறிக்கை பத்தாண்டில் பொய்த்துப்போகிறது. குறைந்தது ஐந்து சீசன் பின்தொடருங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஓவர்டைம் கணக்கு

ஆட்டம் சமனில் நின்றால் ஆடும் கூடுதல் நேரம்தான் ஓவர்டைம். முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். 2015-16-ல் அதை மூன்று பேருக்கு மூன்று பேர் என்று மாற்றினார்கள். திறந்த ஐஸ், பரபரப்பு, கோல். இதனால் லீக்கின் சராசரி ஏறியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2005-க்குப் பிறகு சமனில் நின்ற ஒவ்வொரு ஆட்டமும் ஓவர்டைமில் முடிந்தாலும் ஷூட்அவுட்டில் முடிந்தாலும் ஸ்கோரில் சேர்வது ஒரே ஒரு கோல். ஷூட்அவுட்டையும் சேர்த்து எண்ணும் அட்டவணையில் இந்த விதியின் நேரடிப் பலன் பூஜ்யம். ஷூட்அவுட்டைக் கழித்த அட்டவணையிலோ சராசரி ஏறும், ஷூட்அவுட்டில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டங்கள் இப்போது அசல் கோலில் முடிவதால். ஒரே விதி, ஒரே ஆட்டங்கள், எந்த அட்டவணையை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு விடை. அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுப்பவர்களுக்கு இது தெரியவே வராது.

எல்லா விதியும் கோலைக் கூட்ட வருவதில்லை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1955 நவம்பர் 5 அன்று மான்ட்ரியலின் ஜான் பெலிவோ, பாஸ்டனுக்கு எதிராக ஒரே பவர் பிளேயில் 44 நொடிக்குள் மூன்று கோல் அடித்தார். அப்போதெல்லாம் கோல் விழுந்தாலும் தண்டனை பெற்றவர் 2 நிமிடமும் வெளியேதான் இருக்க வேண்டும். 1956-57-லிருந்து ஒரு கோல் விழுந்ததும் அவர் திரும்பலாம் என்று மாற்றினார்கள். பலமான அணியைக் கட்டுப்படுத்த வந்த மாற்றம் இது. எந்தத் திசையில் தள்ள விதி வந்தது என்று முதலில் தெரிந்துகொண்டு அப்புறம் எண்ணைப் பாருங்கள்.

பவர் பிளேயை மட்டும் நம்புவதும் தவறு

2005-06 கணக்கைப் போட்டுக் காட்டியதும் மாணவர்கள் அடுத்த எல்லைக்குப் போய்விடுகிறார்கள்: எல்லா உயர்வுக்கும் பவர் பிளேதான் காரணம் என்று. ஏற்காட்டு மாணவர் ஒருநாள் கேட்டார்: “சார், 2017-18-லயும் ரெஃபரிங்க கண்டிப்பு காட்டினாங்க. கையில மட்டையால அடிச்சா உடனே பெனால்டி. கோலும் கூடியிருக்கு. அதுவும் பவர் பிளேதானுங்களே?”

“எண்ணிப் பாத்தியா தம்பி?” என்றேன். எண்ணிவிட்டு வந்தார். கோல் சராசரி 5.5-ஐ ஒட்டியதிலிருந்து 5.9-ஐ ஒட்டி ஏறியிருந்தது. ஆனால் ஓர் அணியின் பவர் பிளே வாய்ப்பு ஏறத்தாழ 3-லேயே நின்றது. விகிதம் ஒரு சதவீத அளவு கூடியிருந்தது. அதை வைத்துப் பெருக்கினால் உயர்வில் சிறு பங்குதான் தேறும். மீதி சம ஆட்களோடு ஆடும் நேரத்திலிருந்தும், பின்தங்கிய அணி ஓர் ஆட்டக்காரரைக் கூட்டுவதற்காகக் கோல்கீப்பரை வெளியே எடுத்த கடைசி நிமிடங்களிலிருந்தும் வந்தாக வேண்டும்.

தண்டனை கூடாமலேயே கண்டிப்பு வேலை செய்ய முடியும். மட்டை கையில் விழாது என்று தெரிந்தால் பக்கை வைத்திருப்பவர் இன்னொரு நொடி தாமதித்து நல்ல பாஸைத் தேடுவார். அது பெனால்டி பத்தியில் பதிவாகாது. ஆனால் இது என் ஊகம். எண் இதை நிரூபிக்கவில்லை. அதே சீசனில் வேகாஸ் என்ற புது அணி சேர்ந்தது. முந்தைய பிப்ரவரியில் கோல்கீப்பர்களின் கால்சட்டை அளவைக் குறைத்திருந்தார்கள். இவற்றையும் பிரித்தாக வேண்டும்.

அதற்கு அவருக்குச் சொன்ன வழி இது. ஒவ்வொரு ஆட்டத்தின் கோலையும் நான்காகப் பிரித்து நான்கு பத்தியில் எழுதுவது: சம ஆட்கள், ஆள் எண்ணிக்கை சமமில்லாத நேரம், காலி வலை, ஓவர்டைம். ஷூட்அவுட் கோலைச் சேர்ப்பதே இல்லை. வேகாஸ் ஆடிய ஆட்டங்களைத் தனித்தாளில் போடுவது. பிறகு 2014-15-லிருந்து 2019-20 வரை மாதவாரியாக வரைவது. கண்டிப்புதான் காரணம் என்றால் உயர்வு 2017 அக்டோபரில் சட்டென்று தெரிய வேண்டும். கால்சட்டைதான் காரணம் என்றால் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். முதல் இரண்டு சீசனை முடித்துவிட்டார், மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது.