ரங்கூன் கோடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஏப்ரல் 28 அன்று மக்வே வட்டாரத்தின் சௌக் நகரில் வெப்பநிலை 48.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பதிவுகள் தொடங்கிய 56 ஆண்டுகளில் பர்மாவில் ஏப்ரல் மாதத்தில் அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை. அதே நாளில் மாண்டலேயில் 44, ரங்கூனில் 40. மற்ற ஊர்களோடு ஒப்பிட்டு, ரங்கூனில் இருப்பவர்கள் தப்பித்துக்கொண்டோம் என்று எண்ணுவதுதான் முதல் தவறு. வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அந்த வியர்வை காற்றில் உலர்ந்து போகும்போதுதான் உடம்பின் சூடு வெளியேறுகிறது. நடு பர்மாவின் வறண்ட காற்றில் அது விரைவாக நடக்கும். கடலுக்கு அருகிலுள்ள ரங்கூனில், அதிலும் மே மாதத்தில் மழைக்கு முன்பு காற்றில் ஈரம் ஏறும் வாரங்களில், வியர்வை வழிந்துகொண்டே இருக்கும், உடல் மட்டும் குளிராது. ஆகவே வெப்பமானி 37 என்று காட்டினாலும் புழுக்கம் மிகுந்த நாளை ஆபத்தான நாளாகவே கொள்ள வேண்டும்.

இரண்டாவது தவறு, வெளியே போகாமல் இருந்தாலே போதும் என்று நம்புவது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2021ஆம் ஆண்டு வெப்ப அலையில் இறந்த 619 பேரில் 98 விழுக்காட்டினர் கட்டடங்களுக்குள்ளேயே இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ரங்கூனின் மின்தூக்கி இல்லாத அடுக்குமாடிகளில் உச்சி மாடியிலும் தகரக் கூரைக்குக் கீழும் வாழ்பவர்களுக்கு இது அந்நியச் செய்தி அல்ல. பகலெல்லாம் சூடேறிய சிமென்ட், இரவு முழுவதும் அந்தச் சூட்டை அறைக்குள் விடுகிறது. தூக்கத்தில் ஆற வேண்டிய உடல் ஆறாமலேயே மறுநாள் வெயிலை எதிர்கொள்கிறது. இப்படி மூன்று நான்கு இரவுகள் தொடர்ந்தால் முதியவர்களின் இதயம் தாங்காமல் போகலாம். வெயில் படும் பக்கத்து ஜன்னல்களைப் பகலில் மூடித் துணியால் மறைத்து, வெளிக்காற்று வீட்டுக்குள் இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு திறக்க வேண்டும். மேல்மாடித் தாத்தா பாட்டிகளைக் கீழ்த்தளத்து உறவினர் வீட்டிலோ, காற்றோட்டமுள்ள கோயில் மண்டபத்திலோ பகல் முழுவதும் உட்கார வைப்பது மிகவும் நல்லது. தனியாக வாழும் முதியவரை ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்பவர் தடுமாறுவது கேட்பவருக்குத் தெரியாது.

மின்விசிறியை மட்டும் நம்புவதும் தவறு. காற்று 40 டிகிரிக்கு மேல் போனால் விசிறி உடலைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த நேரத்தில் ஈரத் துண்டைக் கழுத்திலும் கைகளிலும் போட்டுக்கொள்வதும், அடிக்கடி உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் உதவும். மின்சாரம் போனால் மோட்டாரும் நின்றுவிடும் என்பதால், கரண்ட் இருக்கும்போதே வாளிகளை நிரப்பி வைக்க வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூங்குபவரை அது எழுப்பாமலே கொன்றுவிடும்.

தாகம் எடுத்த பிறகு குடித்துக்கொள்ளலாம் என்பது வயதானவர்களுக்குப் பொருந்தாது, அவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடும். பங்குனி உத்திரக் காவடியும் தீமிதியும் வருவது இதே கோடையில்தான். விரதம் இருப்பவர்கள் உணவை விடலாம், தண்ணீரை விடக்கூடாது. இதைச் சொல்வது பக்தியைக் குறைப்பதற்காக அல்ல, காவடி எடுப்பவர் நலமாக வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான். ஏப்ரலில் வரும் தண்ணீர்த் திருவிழாவில் நனைந்துகொண்டே இருப்பதால் பாதுகாப்பு என்று நினைத்து, நடுப்பகலில் பீர் குடித்து ஆடுவதும் ஆபத்து. மது உடலிலிருந்து நீரை வெளியேற்றும், அபாய அறிகுறிகளையும் மறைத்துவிடும். மணிக்கணக்கில் வியர்த்து உழைப்பவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் உப்பின் அளவு குறைந்து தலைசுற்றும். உப்புப் போட்ட மோரோ, பொட்டலத்தில் சொன்ன அளவு நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ் என்னும் உப்பு-சர்க்கரைத் தூளோ இடையிடையே வேண்டும். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகச் செய்யும் மாத்திரை) சாப்பிடுபவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், கோடை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, வெப்பத் தாக்கைச் சாதாரணக் காய்ச்சல் என்றோ மயக்கம் என்றோ எடுத்துக்கொள்வது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறினாலோ, இடம் ஆள் தெரியாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ அது உயிருக்கு ஆபத்தான நிலை. தோல் வறண்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. வேலை செய்யும்போது விழுந்தவர் வியர்த்துக்கொண்டும் இருப்பார். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது, ஏனென்றால் இது நோய்க்கிருமி எழுப்பிய காய்ச்சல் அல்ல. போர்வை போர்த்துவது, தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருப்பது, நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றுவது ஆகிய மூன்றையும் செய்யவே கூடாது; வாயில் ஊற்றிய நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கும்போதே மற்றவர் நோயாளியை நிழலுக்கு மாற்றி, மேலுடையைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம். வண்டி வரட்டும் என்று குளிர்விப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், நெரிசலில் வண்டி வரத் தாமதமாகும் நகரத்தில் முதல் அரைமணி நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. தேறி எழுந்து உட்கார்ந்தாலும் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாவது ஓரிரு நாள் கழித்தே வெளியே தெரியக்கூடும்.