குமரியில் கோடைக்காலம்: நடையும் சாப்பாடும் கெடாமல் இருக்க

வேலூரில் 40ஐத் தாண்டிவிட்டது, திருச்சியில் தார் உருகுகிறது என்று டிவியில் பார்க்கும்போது நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு அல்ப சந்தோஷம் வரும்: இங்கே 35தானே! கணக்கு சரி, ஆனால் அந்தக் கணக்கு உடம்புக்குத் தெரியாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலின் ஈரம் ஏறிய நம்ம காற்றில் அது காயாமல் முதுகில் சட்டையோடு ஒட்டி வழிந்துகொண்டே இருக்கும், உள்ளே இருந்த தண்ணீரும் உப்பும் வீணாகப் போகும். அதனால் பங்குனியில் இருந்து இடவப்பாதி மழை (ஜூன் வாக்கில் வரும் தென்மேற்குப் பருவமழை) வரும்வரை நடையையும் சாப்பாட்டையும் இந்தப் புழுக்கத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும். நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் நேரம். சித்திரையில் ஆறு மணி வாக்கில் சூரியன் வந்துவிடும், அதனால் ஐந்தே காலுக்குக் கிளம்பி ஏழுக்குள் வீடு திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரம் மரமாக நடந்து வேலையை முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே புத்திதான். மாலை நடை என்றால் ஆறரைக்கு மேல் போங்கள், பகலெல்லாம் காய்ந்த தார் ரோடு அதுவரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். தகரக் கூரை போட்ட ஜிம்முக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு மாதத்துக்குக் காலை நேரத்துக்கு மாறிவிடுங்கள். சாயங்காலம் அதற்குள் நின்று எடை தூக்குவது வீண் வீராப்பு.

மருந்துவாழ்மலை ஏறுகிறவர்களும் விடியலிலேயே ஏறி, பாறை சூடாவதற்குள் இறங்கிவிட வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் கீழே பைக்கில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சங்குத்துறை, சொத்தவிளை பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்கரை நடை நல்லது, காற்றாவது கிடைக்கும். உதிரி மணலில் கால் புதையும், கெண்டைக்கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், அதனால் ஈரமான இறுகிய மணலில் நடங்கள். ஆனால் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கும் நாளில் கரைப்பக்கமே போக வேண்டாம். ஊரில் காற்றே இருக்காது, வானமும் தெளிவாக இருக்கும், தெற்கே வெகுதொலைவில் நடுக்கடலில் கிளம்பிய அலை இங்கே வந்து திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தது அப்படி ஓர் எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான்.

வெளிநாட்டில் இருந்தோ ஏசி ஆபீசில் இருந்தோ லீவுக்கு வந்தவர்கள் முதல் நாளே பழைய வேகத்தைக் காட்டாதீர்கள். உடம்பு புதுச் சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் வாரம் பாதி தூரம், அதுவும் கூட வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில். தலை சுற்றல், குமட்டல், வெயிலிலும் புல்லரிப்பு, இதில் எது வந்தாலும் நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். பேச்சு குழறி உடம்பு நெருப்பாகக் கொதித்தால் உடனே 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சரி, சாப்பாடு. கோடைக்குப் பழங்கஞ்சியை அடிக்க இன்னொன்று இல்லை என்பது என் கட்சி. ராத்திரி மிஞ்சிய சம்பா அரிசிச் சோறு நன்றாக ஆறியதும் அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வையுங்கள். காலையில் லேசாகப் புளித்த வாசம் வந்தால் சரி, நூல் விடுகிற மாதிரி கொழகொழத்துப் போயிருந்தால் கொட்டிவிடுங்கள், இந்தப் புழுக்கத்தில் அது நடக்கும். கையால் பிசைந்து, மோர் விட்டு, நசுக்கிய சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) நாலு, ஒரு காந்தாரி மிளகாய், உப்பு. தொட்டுக்கொள்ளச் சிறுபயறு துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) வைத்தால் புரதமும் வந்துவிடும். கருவாடுதான் வேண்டும் என்பவர்கள், அதுவும் பிரஷர் இருப்பவர்கள், கஞ்சியில் தனியாக உப்புப் போடாதீர்கள்.

மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) யாரும் விடச் சொல்லவில்லை. ஆனால் அது முழுக்க மாவு. கிழங்கு தின்கிற நேரத்தில் சோறு வேண்டாம், மீனைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை என்றாலும், மேற்கே ஜூன் 1 அன்றுதான் தடை தொடங்கும், ஆகவே குளச்சல் பக்கத்து மீன் மே முழுக்க வரும். சாளை (மத்தி) கிடைத்தால் விடாதீர்கள், பொரிக்காமல் குழம்பாக வையுங்கள்.

பழத்துக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. நொங்கு எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். கொல்லாம்பழத்தை (முந்திரிப்பழம்) எல்லாரும் கொட்டைக்காகத் திருகி எறிந்துவிடுகிறார்கள், வைட்டமின் சி அதில் ஆரஞ்சைவிட அதிகம். வெட்டி உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் தொண்டைக் காறல் குறையும். அக்கானி (பதநீர்) குடிப்பதென்றால் காலையிலேயே குடித்துவிட வேண்டும், நேரம் ஆக ஆகப் புளிக்கும். அக்கானியிலும் வரிக்கைச் சக்கையிலும் (பலாப்பழ வகை) இனிப்பு அதிகம், சுகர் உள்ளவர்கள் கையை அடக்குங்கள்.

குடிப்பதற்குச் சீரக வெள்ளமும் (சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்) சம்பாரமும் (தாளித்த நீர்மோர்) போதும். கடைச் சர்பத்தில் பாதி சீனிதான். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, அதனால் சட்டை நனைய வியர்த்த பிறகு அதோடு உப்புப் போட்ட மோரும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. வயிற்றோட்டம் வந்தால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி எடுத்தது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் கல்யாணங்கள். மே மாதத்தில் வாரத்துக்கு இரண்டு விருந்து வரும், பாயசத்தில் பழமும் பப்படமும் பிசையாமல் எழுந்தால் பெண்வீட்டு மாமி விடமாட்டார். தின்னுங்கள். அவியலையும் எரிசேரியையும் முதலில் முடித்துவிட்டு, சோற்றை ஒரு தடவையோடு நிறுத்தி, பாயசம் மூன்று வகை வந்தால் ஒன்றை மட்டும் வாங்குங்கள். அன்று ராத்திரி கஞ்சியும் பயறும் போதும்.