ஸ்மார்ட் கருவிகள் அடிக்கடி 'ஆஃப்லைன்' ஆகின்றனவா? சிக்னல் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்பு, பிளக், கேட் கேமரா, மோட்டார் சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ஏதாவது ஒன்று 'ஆஃப்லைன்' காட்டத் தொடங்கும். உடனே பலரும் ஆறு ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டரைத் தேடிப் போகிறார்கள். அதில் பெரும்பாலும் காசுதான் கரையும்.

ரவுட்டர் அனுப்புவது கருவிக்குக் கேட்டால் மட்டும் போதாது, கருவி திருப்பி அனுப்புவதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். மேடையில் மைக் செட் எவ்வளவு அலறினாலும், கடைசி வரிசையில் இருப்பவர் முணுமுணுப்பது மேடைக்குக் கேட்காது. ஒரு ஸ்மார்ட் பிளக்கைப் பிரித்துப் பார்த்தால், சர்க்யூட் போர்டின் ஓரத்தில் வளைந்து நெளிந்து ஓடும் மெல்லிய செம்புக் கோடு ஒன்று இருக்கும். விரல் நகமளவுகூட வராத அந்தக் கோடுதான் அதன் ஆன்டெனா. அதே இடத்தில் போனில் வைஃபை முழுதாகக் காட்டுகிறதே என்று நம்பிவிடக் கூடாது, போனின் ஆன்டெனா வேறு தரம்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது ரவுட்டர் இருக்கும் இடத்தை. ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர்கள் கேபிள் நுழையும் ஜன்னலோரத்திலேயே பெட்டியை மாட்டிவிடுவது வழக்கம். அப்புறம் அது டிவிக்குப் பின்னாலோ, ஷோகேஸுக்குள்ளோ, பீரோவின் மேலோ போய்ச் சேரும். மூன்றுமே மோசமான இடங்கள். இரும்புப் பீரோ, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, தண்ணீர் கேன் எல்லாமே அலையைத் தடுக்கும் அல்லது திருப்பிவிடும். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் ரவுட்டர் இருக்க வேண்டும். இணைப்பு கொடுக்க வந்தவர் டிரில்லிங் மெஷினை எடுக்கும் முன்பே கூடுதலாகப் பத்து மீட்டர் கேபிள் கேட்டு வாங்குங்கள். பிறகு வாங்கும் எந்த உபகரணத்தையும்விட அது பயன்படும்.

நம் ஊர்த் தனி வீடுகளில் வெளிச்சுவர் பெரும்பாலும் 9 அங்குலச் செங்கல், மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். அலை சுவரை நேராகக் கடப்பதற்கும் சாய்வாகக் கடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சாய்வாகப் போகும்போது அது கடக்க வேண்டிய செங்கலின் தடிமன் கூடிவிடும். கேட் கேமரா மூலையில் இருக்கிறதென்றால், ஜன்னலோ கதவோ வழியாக அலை போகும்படி ரவுட்டரை இரண்டடி நகர்த்திப் பார்ப்பதே பல வீடுகளில் போதும்.

சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் சின்ன ஸ்மார்ட் மாட்யூலில் வேறொரு சிக்கல். சுவரில் புதைத்திருக்கும் பெட்டி இரும்புத் தகடு என்றால், மாட்யூல் ஐந்து பக்கமும் இரும்புக்குள் அடைபட்டிருக்கும். முன்னாலிருக்கும் பிளாஸ்டிக் பிளேட் ஒன்றுதான் வழி. மாட்யூலின் ஆன்டெனா பக்கம் பிளேட்டை நோக்கி இருக்கும்படி எலக்ட்ரீஷியனை வைக்கச் சொல்லுங்கள், ஒயர்களை அதன் மேல் திணிக்க வேண்டாம். புது வீடு கட்டுபவர்கள் இந்த இடங்களுக்கு பி.வி.சி. பெட்டியே கேட்கலாம்.

வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை, சிக்னல் கிடைக்காத அறையிலேயே மாட்டுவது எங்கும் காணும் தவறு. வராததை அது எப்படித் திருப்பி அனுப்பும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில், உதாரணமாக மாடிப்படித் திருப்பத்தில், அதை வைக்க வேண்டும். அதைவிட நல்லது மாடிக்கு ஒரு லேன் கேபிள். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் அல்ல, தனிப் பைப்பில் இழுத்து, பழைய ரவுட்டரை மாடியில் வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.யை அதில் அணைக்க மறந்தால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உருவாகி, ஒன்றில் இருக்கும் போனுக்கு மற்றதில் இருக்கும் பல்பு தெரியாமல் போகலாம்.

பெரும்பாலான ஸ்மார்ட் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். அந்தப் பட்டையில் சேனல் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை. சேனலின் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் வேகம் கூடும் என்று மாற்றிவைப்பவர்கள் உண்டு. அடுக்குமாடியில் அது பக்கத்து வீட்டு இரைச்சலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். 20-இலேயே விடுங்கள். பழைய பல்பு சேரவே மறுத்தால் சிக்னலைக் குறை சொல்வதற்கு முன், ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வைஃபைக்குப் பதிலாக ஜிக்பீ என்ற வேறு வயர்லெஸ் முறையில் பேசும் கருவிகளுக்குக் கதையே வேறு. கரண்டில் நேரடியாக ஓடும் பல்பும் பிளக்கும் பொதுவாக அடுத்த கருவியின் செய்தியைக் கடத்திவிடும், பேட்டரியில் ஓடும் கதவு சென்சார் கடத்தாது. ராத்திரி படுக்கப்போகும் முன் எல்லா சுவிட்சையும் அணைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்ததும் அந்த பல்பு வழியாகப் பேசிக்கொண்டிருந்த சென்சாரும் ஊமையாகிவிடும். வழிக்கு எப்போதும் கரண்டில் இருக்கும் ஒரு பிளக்கைப் போடுங்கள். கம்ப்யூட்டரில் ஜிக்பீ டாங்கிள் (ஜிக்பீ சிக்னலை வாங்கும் சின்ன யு.எஸ்.பி. குச்சி) செருகியிருப்பவர்கள் அதை யு.எஸ்.பி. 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. அந்தப் போர்ட் கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைத் தொந்தரவு செய்யும் என்று இன்டெல் 2012-லேயே விளக்கியிருக்கிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளிவைத்தாலே நிலைமை மாறிவிடும்.

எதை மாற்றினாலும் அளந்து பாருங்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்திலோ கருவியின் செயலியிலோ சிக்னலின் வலிமை டி.பி.எம். என்ற அளவில், மைனஸ் எண்ணாக இருக்கும்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 67 வரை கவலையில்லை, மைனஸ் 75-ஐத் தாண்டினால் அவ்வப்போது அறுந்துபோகும். 3 டெசிபல் கூடினால் சக்தி இரட்டிப்பு என்பதால், மைனஸ் 78 மைனஸ் 72 ஆவது சின்ன முன்னேற்றமல்ல. மொட்டைமாடித் தொட்டியில் வைக்கும் நீர்மட்ட சென்சாரை மட்டும் தொட்டி நிறைந்திருக்கும்போது அளக்க வேண்டும். காலித் தொட்டியைத் துளைத்துவரும் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும்.