கீழக்கரையில் ஒரு கலை நடை: முதன்முறை நடத்துபவர்களுக்கு

ஊர்ப் பிள்ளைகளுக்குக் கலையைக் காட்ட கண்காட்சிக் கூடம் தேடி அலைய வேண்டாம். கீழக்கரையில் காலையில் மூன்று மணி நேரம் நடந்தால் போதும். எங்கள் இளைஞர் குழு இதை எப்படிச் செய்கிறது என்று சொல்கிறேன்.

படி 1: ஒரு வாரம் முன்பே இரண்டு பேர் மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். இதை விடவே கூடாது. முதல் தடவை 30 பேர் சொல்லாமல் கொள்ளாமல் போய், ஓலை முடையும் ஓர் அக்காவின் திண்ணை முன் நின்றோம். ஆளாளுக்கு செல்போனைத் தூக்கவும், அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நனைத்து வைத்திருந்த ஓலை வெயிலில் விறைத்துப்போனது. தப்பு எங்களுடையதுதான். இப்போது 12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.

படி 2: வெள்ளிக்கிழமை வேண்டாம். காலை 6.30க்குக் கிளம்புங்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தொப்பி.

படி 3: முதலில் ஜும்மா பள்ளிவாசல். வள்ளல் சீதக்காதி எழுப்பியது என்பார்கள். தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். பெண் பிள்ளைகள் எதுவரை வரலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கோயில் மண்டபத் தூண்களைப் போன்ற கல் தூண்கள். ஆனால் உருவச் சிலை கிடையாது, பூவும் கொடியும்தான். ஒரே ஒரு தூணை மட்டும் பத்து நிமிடம் பார்த்து வரையச் சொல்லுங்கள். சீதக்காதியின் அடக்கத்தலமும் இங்கேதான். 'செத்தும் கொடை கொடுத்தான் சீதக்காதி' என்ற சொல்லுக்கான கதையை அங்கே நின்று சொன்னால் மனதில் நிற்கும்.

படி 4: பிறகு ஓலைத் திண்ணை. இங்கே அவசரப்படாதீர்கள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கீறி, கொதிக்கும் சாயத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். முடையும்போது விரலை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். ஈரம் போனால் ஓலை ஒடிந்துவிடும். ஒவ்வொருவரும் நாலு இழையாவது பின்னிப் பார்க்கட்டும். கொட்டான் (ஓலைப் பெட்டி) வாங்கினால் பேரம் பேசாதீர்கள். அவர்களுடைய அரை நாள் அதில் இருக்கிறது.

படி 5: கடைசியாகக் கடற்கரை. கரையேற்றிய வல்லங்களின் (மீன்பிடிப் படகுகளின்) முகப்பில் எழுதியிருக்கும் பெயர்களையும் வண்ணங்களையும் பார்க்கலாம். வலை பொத்துபவர்களிடம் முடிச்சுப் போடக் கேட்டுப் பழகுங்கள். படம் எடுக்குமுன் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். எடுத்த படங்களை அச்சுப் போட்டு, அடுத்த வாரமே அந்தந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டாவது தடவை நாங்கள் அப்படிக் கொடுத்தபோது, அதே அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.