அம்மா அப்பா தனியா ஃப்ளைட் ஏறி வராங்களா? ஏர்போர்ட் இங்கிலீஷ இப்படி சொல்லிக்குடுங்க

விசா வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு, அடுத்து அம்மா கேக்கறது "எனக்கு இங்கிலீஷ் வராதேடா, நான் எப்படி வந்து சேருவேன்"தான். உடனே நாம ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் புக் வாங்கிக் குடுக்கறோம், இல்ல யூடியூப் லிங்க் அனுப்பறோம். அதுல டென்ஸ், கிராமர்னு என்னென்னவோ இருக்கும், ஏர்போர்ட்டுக்கு அதுல முக்கால்வாசி தேவையே இல்ல. அங்க அவங்ககிட்ட கேக்கப்போற கேள்வி கொஞ்சம்தான், எந்த எடத்துல எது வரும்னும் நமக்கு முன்னாடியே தெரியும். அதனால வார்த்தைய மனப்பாடம் பண்ண விடாதீங்க, கேள்விய காதுக்குப் பழக்குங்க, பதில் ரெண்டு வார்த்தைல சொன்னா போதும்.

மொதல்ல அவங்க வரிசையா எங்கெங்க நிக்கப்போறாங்கன்னு எழுதுங்க. செக்-இன் கவுன்ட்டர், இமிக்ரேஷன், செக்யூரிட்டி, கேட், நடுவுல மாறற ஏர்போர்ட், எறங்கற ஊர்ல திரும்ப இமிக்ரேஷன், பெட்டி வர்ற பெல்ட், கஸ்டம்ஸ். ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் போடுங்க, ஒரு தடவ நிதானமா, ஒரு தடவ அந்த ஊர்க்காரங்க பேசற வேகத்துல, கூட வேல செய்யற ஃப்ரெண்டு யாராவது இருந்தா அவங்களையே பேசச் சொல்லி அனுப்புங்க. புக்குல "வாட் இஸ் தி பர்ப்பஸ் ஆஃப் யுவர் விசிட்"னு முழுசா இருக்கும், கவுன்ட்டர்ல "பர்ப்பஸ் ஆஃப் விசிட்?"னு மட்டும் சட்டுனு வந்து விழும், பழகாத காதுல அது நிக்காது. அம்மா காய் நறுக்கறப்போ ஓடவிட்டு கேக்கட்டும், தெனம் கொஞ்ச நேரம் போதும்.

செக்-இன்ல "எனி பவர் பேங்க் இன் திஸ் பேக்?"னு கேப்பாங்க, பவர் பேங்க் கைப்பையிலதான் இருக்கணும், பெரிய பெட்டில போடக்கூடாது. "டிட் யூ பேக் திஸ் யுவர்செல்ஃப்?"னா பெட்டிய நீங்களேதான் கட்டினீங்களான்னு அர்த்தம். "விண்டோ ஆர் ஐல்?"னு கேட்டா ஐல்னு சொல்லச் சொல்லுங்க, நடைபாதை ஓரம், பாத்ரூம் போக யாரையும் எழுப்ப வேண்டாம்.

இப்போ ரொம்ப முக்கியமான ஒண்ணு, இத எந்த புக்கும் நம்மாளுங்களுக்குன்னு அழுத்திச் சொல்றதில்ல. "பையில சாப்பாடு எதுவும் இல்லையே?"ன்னு தமிழ்ல கேட்டா நாம "ஆமா, இல்ல"ம்போம். அதே பழக்கத்துல கஸ்டம்ஸ்காரர் "யூ டோன்ட் ஹேவ் எனி ஃபுட்?"னு கேட்டா "யெஸ்"னு வாயில வந்துடும், அவருக்கு அது சாப்பாடு இருக்குன்னு அர்த்தம், உடனே பெட்டிய தொறக்கச் சொல்லுவார். தலையாட்டறதும் அப்படித்தான், நம்ம தலையாட்டல் ஆமாவா இல்லையான்னு அவங்களுக்குப் புரியாது. அதனால வெறும் யெஸ், நோவோட நிறுத்தாம பொருளையும் சேத்து சொல்லப் பழக்குங்க. "நோ ஃபுட்." "நோ லிக்விட்." "யெஸ், பிக்கிள். யெஸ், ஸ்வீட்ஸ்." போன்ல பேசறப்போ நடுநடுவுல இந்த மாதிரி இல்லையே-கேள்வியா மாத்தி மாத்திக் கேளுங்க, மத்த எல்லாத்தையும் விட இதுக்கு நேரம் செலவழிங்க.

சாப்பாடு கொண்டுவந்தா மறைக்காம சொல்லிடணும், டிக்ளேர்னா அவ்வளவுதான். அமெரிக்கா, ஆஸ்திரேலியால பச்சைக் கறிவேப்பிலை, பழம், கறி இதுக்கெல்லாம் ரொம்ப கண்டிப்பு. சொல்லிட்டா பொருள மட்டும் எடுத்துப்பாங்க, மறைச்சு மாட்டினா ஃபைன்.

அடுத்து நம்பர். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி ரெண்டும் காதுல ஒரே மாதிரி விழும், கேட் நம்பர் மாறினா கிலோமீட்டர் கணக்குல நடக்கணும். "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?"ன்னு திருப்பிக் கேக்கச் சொல்லுங்க. டிக்கெட்ல 15ஆம் தேதி 00:25னு இருந்தா 14ஆம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்ல இருக்கணும், இத தமிழ்லயே தெளிவா சொல்லிடுங்க, ஒரு நாள் தப்பினா டிக்கெட்டே போச்சு. துபாய் மாதிரி பெரிய ஏர்போர்ட்ல ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் மைக்ல கூப்பிட மாட்டாங்க, போர்டுதான் பாக்கணும். அதுல வர்ற போர்டிங், ஃபைனல் கால், கேட் க்ளோஸ்டு, டிலேடு, இதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டாம், போட்டோ எடுத்து அனுப்பி படமா மனசுல பதிய வைங்க. மாறற எடத்துல சில ஊர்ல கனெக்‌ஷன்ஸ்னு போட்டிருக்கும், சில ஊர்ல ட்ரான்ஸ்ஃபர்ஸ், லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்ல ஊதா கலர் போர்டு. பேகேஜ் க்ளெய்ம் பக்கம் போகக்கூடாது. அமெரிக்காவுக்குள்ளயே இன்னொரு ஃப்ளைட் மாறினா மட்டும் கதை வேற, வழக்கமா மொதல்ல எறங்கற ஊர்லயே பெட்டிய எடுத்து திரும்பப் போடணும். சென்னைலயே செக்-இன்ல "வேர் டு கலெக்ட் பேக்?"னு கேட்டு வெச்சுக்கட்டும்.

சைவக்காரங்களுக்கு ஒரு விஷயம். டிக்கெட் போடறப்போ ஹிந்து மீல்னு பேரப் பாத்து போட்டுடாதீங்க, அதுல கோழியோ ஆடோ இருக்கலாம். ஏஷியன் வெஜிடேரியன் மீல், அதைத்தான் போடணும். "ப்யூர் வெஜ்"னு சொன்னா வெளிய பல பேருக்குப் புரியாது, முட்டையும் வெஜிடேரியன்ல சேத்திதான், அதனால "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்". கடைல பார்சல்னு கேட்டா முழிப்பாங்க, லண்டன்ல டேக் அவே, அமெரிக்கால டு கோ.

இமிக்ரேஷன்ல மூணு கேள்வி, ஏன் வந்தீங்க, எத்தன நாள், எங்க தங்குவீங்க. "விசிட்டிங் மை சன்." "த்ரீ மந்த்ஸ்." "சன்ஸ் ஹவுஸ், நியூ ஜெர்சி." இதுக்கு மேல அவங்களா கதை சொல்ல வேண்டாம், சொல்றது விசால இருக்கறதோட ஒத்துப்போகணும். ரிட்டர்ன் டிக்கெட் காகிதம் கைல இருக்கட்டும்.

புரியலன்னா யெஸ் யெஸ்னு தலையாட்டறதுதான் ஆபத்து. "சாரி, ஸ்லோலி ப்ளீஸ்"னு சொன்னா ஆபீசர் கோச்சுக்க மாட்டார், தெனம் நூத்துக்கணக்குல பேர பாக்கறவர். அப்பவும் முடியலன்னா "தமிழ், ப்ளீஸ்"னு கேக்கலாம், ஆள் இருந்தா கூப்பிடுவாங்க. கூகுள் ட்ரான்ஸ்லேட்ல தமிழ வீட்ல வைஃபை இருக்கறப்பவே டவுன்லோட் பண்ணி வெச்சுடுங்க, நெட் இல்லாட்டியும் ஓடும். உங்க அட்ரஸ், போன் நம்பர் ரெண்டும் இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல எழுதின அட்டை ஒண்ணு பாஸ்போர்ட் கவருக்குள்ள, இன்னொண்ணு அப்பா சட்டப் பாக்கெட்ல, ஏன்னா சார்ஜ் தீந்துட்டா போன்ல இருக்கற நம்பர் எதுவும் கைக்கு வராது.