முருங்கன் களியில் அத்திவாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னி முழுவதும் ஒரே மண் அல்ல. வவுனியாப் பக்கத்துச் செம்மண்ணில் குறையின்றி நிற்கும் அத்திவாரத்தின் அளவுகளை அப்படியே எடுத்து, முருங்கனிலும் துணுக்காயிலும் உள்ள கறுத்தக் களியில் வைப்பதே முதற் பிழை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஒருகாலத்தில் முருங்கனிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட அந்தக் களி, நனைந்தால் ஊதும். காய்ந்தால் சுருங்கி, வயலில் கை நுழையுமளவுக்கு வெடிக்கும்.

ஆவணியில் கிடங்கு வெட்டும்போது அலவாங்கே தெறிக்கும். அந்த இறுக்கத்தை நம்பி, "இரண்டடி போதும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். எல்லாத் தவறுகளிலும் இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். ஏனெனில் அந்த உறுதி மண் காய்ந்ததால் மட்டும் வந்தது, ஐப்பசி மழை உள்ளே இறங்கியதும் அதே களி ஊதி, பாரம் குறைந்த மாடியற்ற வீட்டை அடியிலிருந்து தூக்கிவிடும். வீடு முழுவதும் சமமாக எழுந்தால் சேதம் குறைவு. ஒரு மூலை நனைந்திருக்க மறுமூலை காய்ந்திருப்பதால்தான் யன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாகப் பிளக்கிறது. ஆகவே பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் ஆழத்தைக் கடந்து இறங்குவதும், சுவர்களை ஒன்றாகப் பிணைக்கும் கம்பி கட்டிய கொங்கிரீற்று பீம் போடுவதும் அவசியம்.

மண்ணைச் சோதிக்காமல் தொடங்கவும் கூடாது. அரித்த மண்தூள் பத்துப் பத்துக் கிராமை இரண்டு அளவுக் குழாய்களில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெயில் களி ஊதாது. தண்ணீரில் அது எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ, அந்த வித்தியாசமே மண்ணின் குணத்தைச் சொல்லும். வித்தியாசம் பெரிதென்றால் பொறியியலாளரிடம் காட்டாமல் ஆழத்தை முடிவு செய்யாதீர்கள்.

வெட்டியெடுத்த களியையே வீட்டின் உள்நிலத்தின் கீழ் நிரப்புவதும் தவறு, வெறும் மணலைக் கொட்டுவதும் தவறு. மணல் நீரைத் தேக்கிக் களிக்கு ஊட்டும். நன்றாக இடித்து இறுக்கிய கிரவலே ஏற்றது.

வீடு எழுந்த பின்னரும் கவனம் தேவை. பீலியில்லாத கூரை, சுவரோரம் ஓடும் கிணற்றடித் தண்ணீர், அத்திவாரத்தை ஒட்டிய வாழைப் பாத்தி ஆகியவை ஒரு பக்கத்தை மட்டும் நனைக்கின்றன. அருகில் நிற்கும் வேம்போ கோடையில் மறுபக்கத்து ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது.

வெடிப்பைக் கண்டவுடன் சீமெந்து பூசி மறைக்காதீர்கள். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி, ஒரு மாரியும் ஒரு கோடையும் அது திறந்து மூடுகிறதா என்று பார்த்த பின்பே மேசனை அழையுங்கள்.